அறளையும் ஆய்வுகூடமும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயச் சொற்பொழிவுகளைக் கேட்டுப் பழகிய இந்த மேடையில் இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலருக்கு இது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், பெற்றோரைப் பேணுதலும் சமயத்தின்பாற்பட்டதே என்று இதே மேடையில் பலமுறை கேட்டிருக்கிறோம். பேணுவதற்கு முன்னர் அவர்களுக்கு நேர்ந்தது என்னவென்று அறிய வேண்டுமன்றோ? அது பற்றியதே இன்றைய பேச்சு. நாம் வைத்தியர் அல்லோம். வைத்தியர்கள் எழுதியவற்றைப் படித்து, அவற்றுள் நம்மவர்க்கு வேண்டியதை எடுத்துச் சொல்ல முயல்கின்றோம்.

"அறளை பெயர்தல்" என்றொரு வழக்கு ஈழத்துத் தமிழில் உண்டு. யாழ்ப்பாணத்தார் இதனை மிகுதியும் வழங்குவர். நம் தோட்டங்களிலே "புத்தி தடுமாறிப் போச்சு" என்பார்கள். சொல் எதுவாயினும் அதனோடு ஒரு சிரிப்பும் சேர்ந்தே வருகின்றது. வயது போனால் அப்படித்தான் என்று ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடுகின்றது. அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ வீடுகளில் இரண்டு மூன்று வருடங்கள் வீணாகிப் போகின்றன.

வீட்டிலே நடப்பதைப் பாருங்கள். பாட்டி காலையிற் சாப்பிட்டதை மறந்துவிட்டு, "எனக்கு யாரும் சோறு போடவில்லை" என்று அடுத்த வீட்டிலே சொல்கின்றார். மருமகளுக்கு அவமானம். தோட்டைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு, உதவிக்கு வந்த பெண்ணைத் திருடி என்கின்றார். வீட்டிலே சண்டை மூளுகின்றது. பிறகு சாத்திரம் கேட்பதும், நூல் கட்டுவதும், கழிப்புக் கழிப்பதும் நடக்கும். நாற்பது வருடம் போய் வந்த கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல், இருட்டிலே இரத்தோட்டை வீதியில் நின்றவரை யாரோ கைபிடித்துக் கூட்டிவந்த பிறகே வைத்தியரின் நினைவு வருகின்றது. அதற்குள் மருமகள் மாமியாரோடு பேசாத நிலையும் வந்திருக்கும். பாட்டி பொய் சொல்லவில்லை, மருமகளும் பட்டினி போடவில்லை. காலைச் சாப்பாட்டைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதி வேலை செய்யவில்லை, அவ்வளவே. இது முன்னரே தெரிந்திருந்தால் அந்தச் சண்டை மூண்டிராது.

சாவியை எங்கே வைத்தோமென்று மறப்பதும், தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வராமற் போவதும் எல்லோருக்கும் உள்ளவை. நாம் இங்கே குறிப்பிடுவது வேறு. அறிவின் பல பகுதிகள் படிப்படியாகத் தேய்ந்து அன்றாட வாழ்வு குலையும் நிலைக்கு வைத்தியர்கள் இட்ட பெயர் டிமென்ஷியா. அது ஒரு தனி வியாதியின் பெயரன்று. காய்ச்சல் என்பது போல் ஒரு பொதுப்பெயர். காய்ச்சலுக்கு மலேரியாவும் காரணமாகலாம், டெங்குவும் காரணமாகலாம். அவ்வாறே இதற்கும் காரணங்கள் பல. அவற்றுள் முதலிடம் அல்ஸைமர் வியாதிக்கு. மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது மற்றொன்று. வேறு சிலவும் உள்ளன. மாற்றக்கூடிய காரணங்களும் உள்ளன. அவற்றைப் பின்னர்க் கூறுவோம்.

நம் நாட்டில் இது எவ்வளவு? இராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரை ஆராய்ந்து 2003 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்களுள் 28 பேருக்கு டிமென்ஷியா இருந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய நால்வர். அந்த 28 பேரில் 20 பேருக்கு அல்ஸைமர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேர். முதியோர் தொகை பெருகப் பெருக இந்த வியாதியும் பெருகுமென்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி, தமிழ்நாட்டிலே கண்ட ஒரு கணக்கைக் கேளுங்கள். வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரம், கமமும் கூலிவேலையும் நிறைந்த கிராமப்புறம். அங்கே 65 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேரைப் பரிசோதித்து 2007 இல் முடிவை வெளியிட்டனர். அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் அளவுகோலால் அளந்தபோது டிமென்ஷியா உள்ளவர் நூற்றுக்கு 0.8 வீதம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் ஏற்றவாறு அமைத்த 10/66 என்ற முறையால் அளந்தபோது 10.6 வீதம்! அதே ஆயிரம் பேர், அதே ஊர். ஓர் அளவுகோலுக்கு எட்டுப் பேர், மற்றொன்றுக்கு நூற்றாறு பேர்.

ஏன் இந்த வித்தியாசம்? முதலாவது அளவுகோல், மறதியினால் ஒருவருடைய அன்றாட அலுவல் குலைந்திருக்க வேண்டும் என்று கேட்கும். கூட்டுக் குடும்பத்திலே பெரியவருக்கு அலுவல் ஏது? சமைப்பவள் மருமகள், கடைக்குப் போகிறவன் பேரன். வேலையே இல்லாதவரிடத்து வேலைக் குறைவு எங்ஙனம் புலப்படும்? உறவினரைக் கேட்டால், "ஒரு குறையுமில்லை, சும்மா இருக்கிறார்" என்பார்கள். அன்பினால் மறைந்துபோகும் வியாதி இது. மற்றொரு பக்கமும் உண்டு. நூறிலிருந்து ஏழேழாகக் கழி, கடிகாரத்தை வரைந்து காட்டு, இன்றைய திகதியைச் சொல் என்று கேட்கும் பரீட்சையிலே, எட்டு வயதிற் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டிய ஒரு தாய், புத்தி முழுதும் தெளிவாயிருக்கும்போதே தோற்றுப்போவார். எல்கடுவைத் தோட்டத்திலோ உக்குவளையிலோ உள்ள நம் மூதாட்டிகளை அந்தப் பரீட்சையால் அளப்பது நியாயமாகுமா? இந்தக் குறையை உணர்ந்தே யாழ்ப்பாணத்தில் மொன்றியல் பரீட்சை எனப்படும் ஒன்றைத் தமிழில் அமைத்துச் சரிபார்த்து, 2020 இல் வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆயினும் கேள்வி கேட்டு அறிவதற்கு ஓர் எல்லை உண்டு.

எழுத்தறிவையும் மொழியையும் பாராமல், சரீரமே சாட்சி சொல்லும் வழி உண்டா? நீரிழிவுக்குச் சீனி பார்ப்பது போல மூளைத் தேய்வுக்கும் ஓர் அடையாளம் இரத்தத்தில் அகப்படுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டவர்களின் கதை சுவையானது.

1901 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பேட் நகரிலே, மனநோய் வைத்தியசாலையொன்றில், ஐம்பத்தொரு வயதுப் பெண்ணொருவரை அலோய்ஸ் அல்ஸைமர் என்ற வைத்தியர் பரிசோதித்தார். தன் பெயரை எழுதத் தொடங்கிப் பாதியில் மறந்துவிடுவார் அப்பெண். 1906 இல் அவர் இறந்ததும், அவருடைய மூளையை வெட்டி, வெள்ளிச் சாயமிட்டு, நுணுக்குக் காட்டியிலே பார்த்தார் அல்ஸைமர். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஒரு படிவு. அணுக்களுக்குள்ளே நூற்சிக்கல் போல் ஒரு முறுக்கு. அவ்வாண்டு நவம்பர் மாதம் டியூபிங்கன் நகரில் இதனைச் சொற்பொழிவாற்றினார். கேட்டவர்களில் ஒருவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை என்பர். (இன்று நம் சபையில் அவ்வாறு நேராதென நம்புகின்றோம்.) 1910 இல் கிரெப்பெலின் என்ற பேராசிரியர் தம் நூலில் இவ்வியாதிக்கு அல்ஸைமரின் பெயரை இட்டார்.

ஆக, அடையாளம் இரண்டென்று அன்றே தெரிந்தது. ஆனால் நோயாளி இறந்த பிறகல்லவா தெரிந்தது! உயிரோடிருக்கும்போதே அதனைக் காண்பதற்கு மேலும் நூறாண்டு சென்றது.

வெளியே படியும் திட்டு, அமிலாய்ட் பீற்றா என்னும் புரதத் துண்டு. 1984 இல் கிளெனர், வோங் என்னும் இருவர் இதனைப் பிரித்தெடுத்து இன்னதென்று காட்டினர். நரம்பணுவின் சுவரில் உள்ள பெரிய புரதமொன்றை நொதியங்கள் கத்தரிக்கும்போது இத்துண்டு விழுகின்றது. நாற்பத்திரண்டு கண்ணிகள் உள்ள துண்டுக்கு ஒட்டும் தன்மை அதிகம். ஒன்றோடொன்று ஒட்டிப் படிகின்றது. உள்ளே இருக்கும் சிக்கல், டௌ என்னும் புரதம். நரம்பணுவின் உள்ளே பொருள்களைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்களைத் தாங்கி நிற்பது அதன் தொழில். அதில் பொஸ்பேற் அளவுக்கு மீறி ஏறினால், குழாயை விட்டுக் கழன்று தன்னோடு தானே சிக்கிக்கொள்ளும். வீட்டு வளையைத் தாங்கிய கயிறு அறுந்து முற்றத்திலே சுருண்டு கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளையையும் முள்ளந்தண்டையும் சூழ ஒரு தெளிந்த நீர் உண்டு. முதுகின் கீழ்ப்பக்கத்தில் ஊசி செலுத்தி அதில் சிறிது எடுக்கலாம். 1990களில் அந்நீரை ஆராய்ந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். அல்ஸைமர் உள்ளவர்களின் நீரிலே நாற்பத்திரண்டு கண்ணி அமிலாய்ட் கூடியிருக்கவில்லை, குறைந்திருந்தது! மூளையிலே திட்டாக ஒட்டிக்கொண்டதால் நீருக்கு வந்துசேரவில்லை. டௌவோ கூடியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பத்தக்க அடையாளமாயிற்று. 2004 இல் மற்றொரு வழியும் பிறந்தது. அமிலாய்டில் ஒட்டும் ஒரு கதிரியக்க மருந்தை ஊசியால் ஏற்றி, பெற் என்னும் படக்கருவியால் உயிருள்ளவரின் மூளைத் திட்டுகளைப் படம் எடுத்தார்கள். இவ்வழிகளால் தெரியவந்த உண்மைகளுள் பெரியது யாதெனின், திட்டுப் படியத் தொடங்குவது மறதி தோன்றுவதற்குப் பத்து இருபது வருடங்களுக்கு முன்னர் என்பது. எழுபதிலே தடுமாறுகிறவருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்திலேயே விதை விழுந்துவிட்டது.

முதுகில் ஊசியென்றால் நம்மவர் அஞ்சுவர். படக்கருவிக்கோ பெருஞ் செலவு. ஆதலின் இரத்தத்திலே தேடத் தொடங்கினார்கள். மூளையிலிருந்து இரத்தத்துக்குக் கசியும் அளவு மிகமிகச் சொற்பம். ஒரு மில்லிலீற்றரில் ஒரு பிகோகிராம் என்ற கணக்கில் அளக்க வேண்டும். பிகோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அதை அளக்கும் கருவிகள் அண்மைக் காலத்திலேதான் வந்தன. பொஸ்பேற் ஏறிய டௌவில் 217 ஆம் இடத்தில் ஏறியதே அல்ஸைமரை நன்கு காட்டுமென்று 2020 இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் தெரிவித்தன. அதன் பெயர் பி-டௌ 217. 2024 இல் சுவீடனில் மறதி முறைப்பாட்டோடு வந்த 1,213 பேரிடம் இரத்தத்தைச் சோதித்தார்கள். அல்ஸைமரைச் சரியாக இனங்கண்டதில் பொது வைத்தியர்கள் நூற்றுக்கு 61, நிபுணர்கள் 73, இரத்தச் சோதனை ஏறக்குறைய 91. 2025 மே மாதம் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இவ்வகை இரத்தச் சோதனையொன்றுக்கு முதன்முறையாக அனுமதி அளித்தது. பி-டௌ 217 ஐயும் நாற்பத்திரண்டு கண்ணி அமிலாய்டையும் அளந்து இரண்டின் விகிதத்தைப் பார்ப்பது அது.

இவ்வளவும் கேட்டவுடன், "நாளைக்கே என் இரத்தத்தைக் கொடுக்கிறேன்" என்று ஒரு வாலிபரோ, "எனக்கும் இருக்குமோ" என்று ஒரு பெரியவரோ எழலாம். சற்றுப் பொறுங்கள். அந்த அனுமதி ஐம்பத்தைந்து வயதைக் கடந்து, மறதிக் குறி தோன்றி, நிபுணரிடம் வந்தவர்களுக்கே உரியது. குறியே இல்லாதவருக்கன்று. மூளையில் அமிலாய்ட் இருந்தும் சாகும்வரை தெளிவோடு வாழ்ந்தவர்கள் பலர். நன்றாயிருக்கும் ஒருவரின் கையில் அந்தக் கடதாசியைக் கொடுத்தால், வியாதி வராமலே நித்திரை போய்விடும். சோதனை செய்தவர்களில் ஒரு சாராருக்கு ஆமென்றும் இல்லையென்றும் சொல்லமுடியாத இடைப்பட்ட விடையும் வருகின்றது. தவிர, இச்சோதனை அல்ஸைமர் ஒன்றையே காட்டும். இரத்தக்குழாய் அடைப்பால் வந்த மறதியை அது காட்டாது.

நம் மாவட்டத்தார் நினைவிற் கொள்ளவேண்டிய ஒன்று இங்கே உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் இரத்தத்தில் இந்த டௌ வெளியேறாமல் தேங்கி, அல்ஸைமர் இல்லாதபோதும் அளவு கூடித் தோன்றும். மாத்தளை மாவட்டத்து வில்கமுவைப் பகுதி, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக வியாதி பரவிய இடங்களுள் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. சுவீடனிலே வகுத்த எல்லைக் கோட்டை வில்கமுவைக் கமக்காரருக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கிருந்து ஒரு முதியவரின் இரத்தம் இச்சோதனைக்குப் போகுமாயின், சிறுநீரகத்தின் நிலையும் கூடவே தெரிந்திருக்க வேண்டும்.

நிற்க. புதிய சோதனையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், நம் கருத்திலே முதலிடம் பழைய சோதனைகளுக்கே. மாற்றக்கூடிய காரணங்கள் உண்டென்று முன்னர்க் கூறினோமல்லவா? தைரொயிட் சுரப்பி மந்தமானால் மனிதர் மந்தமாவர்; மறதியும் வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையால் சீராகும். உப்புச் சத்தாகிய சோடியம் குறைந்தாலும் புத்தி தடுமாறும். குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டவருக்குச் சில வாரங்கள் கழித்து, மண்டையோட்டுக்குள்ளே கசிந்த இரத்தம் மூளையை அழுத்தும். படமெடுத்துப் பார்த்தால் தெரியும். மனச்சோர்வு வியாதி முதியவரிடத்தில் மறதியின் வேடத்தில் வரும். காது கேளாதவரும் அறளை பெயர்ந்தவராகவே நமக்குத் தோன்றுவார்.

எல்லாவற்றிலும் நம் சமூகத்தார் கவனிக்கவேண்டியது விற்றமின் பி12. இது மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே உள்ளது, மரக்கறியில் இல்லை. சைவ உணவே உண்டு, பாலும் குறைத்துக்கொண்ட முதியவர்களுக்கு இது குறையும். வயதாக ஆக வயிறு அதனை ஏற்பதும் குறையும். நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரையைப் பல வருடங்கள் குடிப்பவர்க்கும் குறையும். சைவம், முதுமை, நீரிழிவு மூன்றும் ஒருவரிடத்தே கூடுவது நம் வீடுகளில் அரிதா? பி12 குறைந்தால் கால் விறைக்கும், நடை தள்ளாடும், ஞாபகம் தேயும். வேளைக்குக் கண்டுபிடித்தால் ஊசியாலும் மாத்திரையாலும் சீர்செய்யலாம். நாட்பட விட்டால் நரம்பு பழுதுபட்டது பழுதுபட்டதே. இதற்காக எவரும் விரதத்தை விடவேண்டியதில்லை. பாலும் தயிரும் சேர்த்துக்கொள்ளட்டும், வைத்தியர் சொன்னால் மாத்திரையும் எடுக்கட்டும். பி-டௌ 217 க்கு ஆசைப்பட்டு, இந்த எளிய சோதனையைச் செய்யாமல் விடுவது, வைரத்தைத் தேடிப் போய்க் கைவிளக்கைத் தொலைப்பது போலாகும்.

"அல்ஸைமர்தான் என்று தெரிந்து என்ன பயன்? மருந்தில்லையே" என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். குணமாக்கும் மருந்து இல்லையென்பது மெய்யே. அமிலாய்டைக் கரைக்கும் லெக்கானமாப், டொனானமாப் என்னும் இரு மருந்துகளுக்கு 2023, 2024 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. அவை ஆரம்ப நிலையில் உள்ளவருக்கே. வியாதியின் வேகத்தைச் சற்றுத் தணிக்கும், நிறுத்தா. மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் உண்டாக்கக்கூடும். விலையும் சாமானியர்க்கு எட்டாதது. எனவே மருந்தை முன்னிட்டு மட்டும் நாம் பேசவில்லை. வேளைக்குத் தெரிந்தால் மருமகளின் மேல் விழும் பழி நீங்கும். அடுப்படியில் எரிவாயுவைத் திறந்துவைக்கும் ஆபத்தைத் தடுக்கலாம். இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்தி இருப்பதைக் காக்கலாம். வேறொரு பயனும் உண்டு, அதனை இறுதியிற் சொல்வோம்.

வாலிப நண்பர்கள் செய்யக்கூடியது என்ன? மாத்தளைக்கு அருகே அலுவிகாரைக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாகப் பிக்குகள் மனனமாக ஓதிவந்த திரிபிடகத்தை, பஞ்சத்திலும் போரிலும் ஓதுவார் குறைந்து மறைந்துபோகுமோ என்று அஞ்சி, கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே ஏட்டில் எழுதிவைத்த இடம் அது. மறதிக்கு அஞ்சி எழுதும் பழக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. வீட்டிலுள்ள பெரியவரிடம் மாற்றம் கண்டால் ஒரு கொப்பியை எடுத்து, திகதியிட்டு எழுதுங்கள். ஒரே கேள்வியை ஒரு மணித்தியாலத்தில் எத்தனை முறை கேட்டார், கறிக்கு இருமுறை உப்புப் போட்டாரா, தெரிந்த வழியில் தடுமாறினாரா, மெல்ல மெல்ல வந்ததா அல்லது இரண்டு நாளில் திடீரென்று வந்ததா. திடீரென்று வந்தால் தாமதிக்கக்கூடாது; கிருமித் தொற்றோ பாரிசவாதமோ ஆகலாம், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடிக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கூடக் கொண்டுபோங்கள். நித்திரை மாத்திரையும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் முதியவரின் ஞாபகத்தைக் கெடுக்கும். மாத்தளைப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கிலே வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் ஒரு கொப்பி சொல்வதை எந்த ஆய்வுகூடமும் சொல்லாது. வேண்டுமாயின் அவர்களே கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்புவார்கள். வைத்தியருக்கும் முதியவருக்கும் இடையே மொழி தடையாகுமிடத்து, சிங்களமும் தமிழும் அறிந்த வாலிபர் ஒருவர் கூடப் போவது பெரிய உதவி. நம் சங்கத்து அங்கத்தவர்களுள் அப்படிப்பட்டவர் பலர் உள்ளனர். மாதத்தில் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாமென்று நிர்வாக சபையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக, பரிசோதனை முடிவைப் பெரியவரிடம் சொல்வதா மறைப்பதா என்ற வினா. நம் வீடுகளில் மறைப்பதே வழக்கம். மனம் நொந்துபோவார் என்பார்கள். நாம் அதற்கு உடன்படவில்லை. ஆரம்ப நிலையிலே அவருக்கு இன்னும் புத்தி தெளிவாக இருக்கின்றது. காணியை யாருக்கு எழுதுவது, சேமலாப நிதிப் பணத்தை எவரிடம் ஒப்படைப்பது, தாம் எந்தப் பிள்ளையோடு இருக்க விரும்புகின்றார் என்பவற்றைத் தம் வாயாலேயே சொல்லி, நொத்தாரிசின் முன்னிலையில் கையொப்பமிட அவரால் முடியும். இரண்டு வருடம் கழித்து அந்தக் கையொப்பம் செல்லுமா என்று நீதிமன்றத்திலே பிள்ளைகள் வழக்காடுவார்கள். ஆகவே அவர் கேட்டால் உள்ளதை மெதுவாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், "அப்பா, ஞாபகம் கொஞ்சம் குறைகிறது என்று டொக்டர் சொல்கிறார், எழுதவேண்டியவற்றை இப்போதே எழுதிவிடுவோமா?" என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். அவர் என்ன சொல்கின்றார் என்பதையும் அந்தக் கொப்பியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.